சுவரும் பதிவேடும்: தென்னாற்காட்டில் பாரிஸ் சபை

1

தென்னாற்காட்டுக் கிறிஸ்தவத்தைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மடத்துக் கதை. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார்கள் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆத்துமங்களை இரட்சித்தார்கள். இன்னொன்று ஊர்க்கதை. 'கஞ்சிக்கு மாறினவனுங்க', 'பால்பவுடர் கிறிஸ்தவனுங்க'. முதல் கதை நன்றியைக் கேட்கிறது. இரண்டாவது கதை இழிவு செய்கிறது. பார்க்க எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான். இரண்டிலும் எழுவாய் சாமியார், செயப்படுபொருள் சேரி. சேரி எதையும் செய்வதில்லை. அதற்கு ஏதோ செய்யப்படுகிறது, அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் சென்னை ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் முண்டியம்பாக்கம். அப்புறம் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம். முண்டியம்பாக்கத்தை வெளியூர்க்காரர்கள் அறிவது சர்க்கரை ஆலையாலும், 2010இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியாலும். இந்தத் தண்டவாளம் போடப்பட்டது 1870களில். அந்தப் பத்தாண்டில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தை ஒட்டித்தான் இந்தப் பாதையின் இரண்டு பக்கமும் உள்ள சேரிகளில் புதுச்சேரி மிஷன் பரவியது. ரயில், பஞ்சம், மிஷன் மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த மிஷனை நடத்தியது ஒரு பிரெஞ்சுச் சபை. அது இங்கே என்னென்ன நன்மை செய்தது, என்னென்ன கெடுதல் செய்தது என்று பட்டியல் போடுவது நம் நோக்கமில்லை. சாதி என்றால் என்ன என்பதற்கு அந்தச் சபை ஒரு விளக்கம் வைத்திருந்தது. அந்த விளக்கம் எங்கிருந்து வந்தது, இன்று யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

விளக்கம் பாரிஸ்காரர்களுடையதல்ல, அவர்களுக்கு முன்னால் இருந்த ஜேசுயிட்டுகளுடையது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நோபிலி ஒரு கேள்வியைச் சந்தித்தார். கிறிஸ்தவனான பிராமணன் பூணூலை அறுத்துப்போட வேண்டுமா? வேண்டாம் என்றார் நோபிலி. பூணூலும் குடுமியும் சந்தனமும் மதச் சின்னங்கள் அல்ல, நாட்டு வழக்கங்கள்; பிரபு பிரபுவின் உடையைப் போடுவதுபோல பிராமணன் பூணூலைப் போடுகிறான் என்பது அவர் வாதம். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி இதை ஏற்றுக்கொண்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பண்பாட்டு மரியாதை. 'சுதேசியக் கிறிஸ்தவம்' பேசுகிற அறிஞர்கள் நோபிலியை இன்றும் கொண்டாடுவது இதற்காகத்தான். ஆனால் தர்க்கத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். பூணூல் நாட்டு வழக்கம் என்றால் தீண்டாமை? அதுவும் நாட்டு வழக்கம்தான். மதத்துக்கு அதில் வேலை இல்லை. ஆக, ஞானஸ்நானம் வாங்கின பிறகும் அது அப்படியே இருக்கலாம். மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேஷத்தில் ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரச் சாமியார் என்று மதுரை மிஷன் இரண்டாகப் பிரிந்ததும் இந்தத் தர்க்கத்தின் வழியேதான்.

இதை ரோமாபுரியே எப்போதும் ஒப்புக்கொண்டது என்று சொல்ல முடியாது. சீனாவுக்குப் போகிற வழியில் புதுச்சேரியில் தங்கிய போப்பின் தூதர் தூர்நோன், 1704இல் பல வழக்கங்களைத் தடைசெய்து ஒரு கட்டளை போட்டார். சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் சாமியார் போய்த்தான் அவஸ்தை பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டது என்றால், அதுவரை அவர்கள் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். நாற்பது வருஷம் இழுபறி. 'மலபார்ச் சடங்குத் தகராறு' என்று திருச்சபை வரலாறுகள் எழுதுவது இதைத்தான். கடைசியில் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் தடையை உறுதி செய்தார். கூடவே, பறையர்களுக்கென்று தனியாகச் சாமியார்களை வைக்கிற ஜேசுயிட்டுகளின் யோசனைக்கும் இடம் கொடுத்தார். கட்டளையும் காப்பாற்றப்பட்டது, சாதியும் காப்பாற்றப்பட்டது.

அடுத்த வருஷம், 1745இல், புதுச்சேரியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பறையர், இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவரும் வெள்ளைக்காரரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் இதைக் கண்டித்து, பறையர்களைப் பேசச் சொன்னார். அவர்கள் திரண்டு போய் மூத்த சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால் நடுவில் சுவர் எதற்கு என்பதே கேள்வி. சுவர் எடுக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

இதை நாம் பெரும்பாலும் ஒரு நல்ல சாமியாரின் கதையாகவே படிக்கிறோம். மாற்றிப் படிக்கலாம். 1745இலேயே, எழுத்து வாசனை மறுக்கப்பட்ட ஒரு கூட்டம், தனக்குப் போதிக்கப்பட்ட மதத்தின் வார்த்தையை எடுத்து அதைப் போதித்தவர்களிடமே திருப்பிக் கேட்டிருக்கிறது. எழுவாய் அங்கே சேரி. எழுதினவர் கிறிஸ்தவர் அல்ல. சாதி ஒழுங்கில் அக்கறை உள்ள துபாஷ். அதனால்தான் இந்தச் சாட்சியம் கனமானது.

3

1773இல் ஜேசுயிட் சபையை ரோமாபுரி கலைத்தது. 1776இல் அவர்கள் இடத்துக்குப் பாரிஸ் அந்நிய வேதபோதகர் சபை புதுச்சேரியில் பொறுப்பேற்றது. கண்டிப்பாகச் சொன்னால் இது வார்த்தைப்பாடு கொடுக்கிற துறவிகளின் சபை அல்ல. வெளிநாட்டு வேலைக்கென்று சேர்ந்த குருக்களின் சங்கம். 1658க்கும் 1663க்கும் இடையில் உருவாகி, பாரிஸில் ரூ து பாக் தெருவில் தன் குருமடத்தை வைத்துக்கொண்டது. சியாம், வியட்நாம், சீனா, பிறகு நம்மூர். போகிற நாட்டிலேயே அந்நாட்டுக் குருக்களை உருவாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அதன் அறிவிக்கப்பட்ட குறிக்கோள். 1659இல் ரோமாபுரி அதன் முதல் மேற்றிராணிமாருக்குக் கொடுத்த அறிவுரை பேர்பெற்றது. விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பகிரங்கமாக முரணாக இல்லாத வரையில் மக்களின் வழக்கங்களை மாற்றச் சொல்லாதீர்கள், ஐரோப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்பது அதன் சாரம்.

காலனியத்துக்கு எதிரான குரலாக இது இன்று மேற்கோள் காட்டப்படுகிறது. நியாயம்தான். ஆனால் சாதி நாட்டில் இந்த அறிவுரை எப்படி வேலை செய்யும்? 'மக்களின் வழக்கம்' என்கிறபோது எந்த மக்கள்? மிராசுதாரனின் வழக்கமா, படியாளின் வழக்கமா? நோபிலியின் விளக்கமும் 1659இன் அறிவுரையும் இங்கே கைகோத்துக்கொண்டன.

இந்தச் சபையைச் சேர்ந்த அபே துபுவா, தமிழ், கன்னடப் பகுதிகளில் முப்பது வருஷம் அலைந்துவிட்டு 1823இல் பிரான்சுக்குத் திரும்பினார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தைக் கம்பெனி சர்க்கார் விலைகொடுத்து வாங்கி 1816இல் இங்கிலீஷில் போட்டது. நிர்வாகிகளுக்கு அது கையேடு ஆயிற்று. அதில் பெரும்பகுதி கெர்து என்கிற பழைய ஜேசுயிட்டின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதை 1987இல் சில்வியா மூர் நிறுவினார். துபுவா ஊருக்குத் திரும்பினதும் எழுதின இன்னொரு நூலில், இந்துக்களை மதம் மாற்றுவது நடக்காத காரியம் என்று அடித்துச் சொன்னார். அவருக்கு 'இந்து' என்றால் சாதிக்காரன். ஐம்பது வருஷம் கழித்து ஆயிரக்கணக்கில் வந்து நின்றவர்கள் அவர் கணக்கிலேயே இல்லை.

1836இல் மேற்றிராணியாராக வந்த போனான் காலத்தில் காரியங்கள் வேகம் பிடித்தன. 1844இல் புதுச்சேரியில் ஒரு சினோது கூடியது. சுதேசக் குருக்களைப் பயிற்றுவிப்பதும் பள்ளிகளைப் பெருக்குவதும் அதன் முக்கிய முடிவுகள். இதை எடுத்துக்கொண்டு லுக்கே என்ற இளம் சாமியார் ரோமாபுரிக்குப் போனார். சுதேசக் குருக்களைப் பற்றி ரோமாபுரி 1845இல் உலக மிஷன்கள் எல்லாவற்றுக்கும் விடுத்த அறிவுறுத்தலுக்குப் பின்னால் புதுச்சேரியின் இந்தச் சினோது இருக்கிறது. அதே 1844இல் துப்புயி சாமியார் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பிராஞ்சிஸ்கு மரியின் மாசற்ற இருதய சபை என்று இன்று அறியப்படுவது அதுதான். படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயில் தாசி என்று ஊர் நினைத்த காலத்தில், பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு சபை. மிஷன் அச்சுக்கூடத்தையும், மூசே சாமியாரோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதியையும் உண்டாக்கியவர் இதே துப்புயிதான்.

இவையெல்லாம் சாதனைகள்தான், மறுக்க வேண்டியதில்லை. 'சுதேசக் குரு' என்கிற வார்த்தைக்குள் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். குருமடத்தின் கதவு வெகுகாலம் சாதிக் கிறிஸ்தவனுக்குத்தான் திறந்தது. வெள்ளையன் கையிலிருந்து பூசைப் பாத்திரம் சுதேசி கைக்கு வந்தது. அந்தச் சுதேசி யார் வீட்டுப் பிள்ளை என்பது 'நாட்டு வழக்கம்' ஆகிவிட்டது.

4

இந்த வேலைக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? பட்டு நெசவாலைகள் நிறைந்த லியோன் நகரத்தில் 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு சல்லி, பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குழு என்று பவுலின் ழரிக்கோ என்ற பெண் போட்ட திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. ஆலைத் தொழிலாளிகளும் வேலைக்காரப் பெண்களும் போட்ட சல்லி அது. பணம் இங்கே வந்தது. பதிலுக்குக் கடிதங்கள் அங்கே போயின. சங்கத்தின் பத்திரிகையில் அந்தக் கடிதங்கள் அச்சாயின. மிஷன் வரலாறு என்று நாம் படிப்பதில் முக்கால்வாசி இந்தக் கடிதங்களே. கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்ல எழுதியவை. பசித்த கூட்டம், அழுகிற சாமியார், தண்ணீர் ஊற்றப்பட்ட தலைகளின் எண்ணிக்கை. அந்தக் கடிதத்தில் சேரி வேறு எப்படித்தான் தோன்றியிருக்க முடியும்?

1876இல் மழை பொய்த்தது. பஞ்சம் 1878 வரை நீடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் செத்தவர்கள் சுமார் 50 லட்சம் என்று 1880ஆம் வருஷப் பஞ்சக் கமிஷன் கணித்தது. பிற்கால ஆய்வாளர்கள் இன்னும் அதிகம் சொல்கிறார்கள். புதிய ரயில், தானியத்தைக் கொண்டுவந்த மாதிரியே விலை அதிகம் கிடைக்கிற இடத்துக்குக் கொண்டும் போனது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் இருந்த ஆம்பிளைக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினார். மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது சாகடிக்கிற கூலி என்று எதிர்த்தார்.

முதலில் செத்தது படியாள்தான். 1843ஆம் வருஷச் சட்டம் அடிமைத்தனத்தை அங்கீகரிக்கக் கோர்ட்டுகளுக்குத் தடை போட்டிருந்தது. ஆனால் நிலம் இல்லாத, குடியிருக்கிற மனைகூட மிராசுதாரனுக்குச் சொந்தமான பண்ணையாளுக்குச் சட்டம் எந்தத் தெருவில் இருந்தது? நெல் விளையாதபோது பண்ணைக்காரனுக்கு ஆள் தேவையில்லை. படி நின்றது. அப்போதுதான் சேரிகள் மிஷனை நோக்கி நடந்தன. லவுனான் மேற்றிராணியாராக இருந்த காலம். வட ஆற்காட்டுப் பக்கம் சேத்துப்பட்டில் தரா சாமியார். 1916இல் செத்துப்போன அவரை அந்தப் பக்கத்துச் சேரிகள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன.

'கஞ்சிக்கு மாறினான்' என்பவர்களுக்கு ஒரு தகவல். ஆந்திரத்து ஓங்கோலில் கிளவ் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, நிவாரண வேலை நடக்கிற வரை யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டேன் என்று நிறுத்தி வைத்தார். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கூட்டம் கலையவில்லை. 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். பெரும்பாலும் மாதிகர்கள். பசி மட்டும் காரணம் என்றால் கஞ்சித்தொட்டி மூடினதும் கூட்டம் போயிருக்க வேண்டும்.

அப்படியானால் எதற்காக வந்தார்கள்? சாமியார் கலெக்டருக்குக் கடிதம் எழுதக்கூடியவர். கோர்ட்டில் வக்கீல் வைக்கக்கூடியவர். மிராசுதாரன் அடித்துத் துரத்த முடியாத மனுஷர். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும், வேலைக்கு வரமுடியாது என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் தன் உடம்பு தனக்குச் சொந்தம். இதில் ஆன்மீகம் இல்லையா என்று கேட்டால், இதைவிடப் பெரிய ஆன்மீகம் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்கலாம். ஞானஸ்நானம் அவர்களுக்கு ஒரு மனு. தண்ணீரில் எழுதின மனு. வந்தவர்களில் திரும்பிப் போனவர்களும் உண்டு. மனு நிராகரிக்கப்பட்ட இடங்களாகவும் அவை இருந்திருக்கலாம்.

இன்னொரு ஆளையும் இந்தக் கடிதங்கள் மறைக்கின்றன. உபதேசியார். ஜெபம் சொல்லிக்கொடுத்தவர், செத்தவனை அடக்கம் பண்ணியவர், தகராறு வந்தால் இரவோடு இரவாகப் பங்குச்சாமியிடம் ஓடியவர். மாதத்துக்கு ஒரு தடவை குதிரையில் வந்துபோன வெள்ளைக்காரரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. உபதேசியார் பெயர் பதிவேட்டின் ஓரத்தில் சாட்சிக் கையெழுத்தாக இருந்தால் உண்டு.

5

சேரி கேட்டது நிலம். பாரிஸ் சபை சில இடங்களில் மனை வாங்கிக் கொடுத்தது, கிணறு வெட்டியது. ஆனால் 'நாட்டு வழக்கத்தில்' கைவைக்காத ஒரு மதம் நிலவுடைமையில் கைவைக்குமா? சாதிக் கிறிஸ்தவ மிராசுதாரர்களும் அதே கோயிலில்தான் முழங்கால் போட்டார்கள். நிலத்தைப் பேசினது வேறு ஒரு பக்கம். செங்கல்பட்டில் ஆதம் ஆண்ட்ரூ போன்ற பிராட்டஸ்டன்ட் மிஷனரிகள் பேசினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதின அறிக்கையும், 1892இல் வந்த பஞ்சமர் நில ஆணையும் அதன் தொடர்ச்சி. அந்த நிலங்களை மீட்க 1994இல் செங்கல்பட்டுக் காரணையில் தலித் மக்கள் போராடினபோது, போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். ஒரு கிறிஸ்தவப் பெயர், ஒரு இந்துப் பெயர். நிலத்தைக் கேட்கிற இடத்தில் சேரி மதத்தால் பிரிந்திருக்கவில்லை.

பிரித்தது சட்டம். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்ட சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் இந்தத் தடையை எடுக்கச் சொன்னது, எடுக்கவில்லை. 2022இல் மத்திய அரசு இன்னொரு கமிஷன் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பியது.

இப்போது இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திருச்சபை சொன்னது: சாதி மதத்தைச் சேர்ந்தது அல்ல, நாட்டு வழக்கம், ஆகவே கிறிஸ்தவனான பிறகும் அது இருக்கலாம். அரசு சொல்கிறது: சாதி இந்து மதத்தைச் சேர்ந்தது, ஆகவே கிறிஸ்தவனான பிறகு அது இருக்க முடியாது. ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு விளக்கங்கள், ஒரே ஆள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கோயிலுக்குள் அவன் பறையன். தாலுகா ஆபீசில் அவன் பறையன் இல்லை. தமிழ்நாட்டில் அவனைப் 'பிற்படுத்தப்பட்டவர்' பட்டியலில், 'கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யார் என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் வெளியே நிற்க வைக்கிறது. தனித் தொகுதியில் அவன் நிற்க முடியாது. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அவன் புகார் கொடுக்க முடியாது.

இது புத்தக விவகாரம் இல்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் என்ன நடந்தது? கோயில் பாதையில் எங்கள் பிணமும் போகவேண்டும், இல்லையென்றால் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் சேரிக்குள் புகுந்து தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியர்கள் செத்தார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே மாதாவின் பிள்ளைகள் என்று சொல்லப்படுகிறவர்கள். 1745இல் கேட்ட அதே கேள்வி, 263 வருஷம் கழித்து. சுவர் கோயிலுக்குள்ளிருந்து ரோட்டுக்கு வந்திருந்தது, அவ்வளவே.

பாரிஸ்காரர்கள் பொறுப்பைக் கைமாற்றி எழுபது வருஷம் ஆகிவிட்டது. 1955இல் புதுச்சேரிக்குத் தமிழர் பேராயர் வந்தார். 1659இன் குறிக்கோள் நிறைவேறியது என்று அந்தச் சபை எழுதிக்கொள்ளலாம். இன்று இங்கிருந்து கன்னியர்கள் ஐரோப்பாவின் முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. ஆனால் 2022இல் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது, பெரும்பான்மையாக இருக்கிற எங்களில் ஒருவர் ஏன் இல்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளையன் போனதால் விளக்கம் போய்விடவில்லை.

நம் ஆர்வலர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய பங்குக் கோயில்களின் அலமாரிகளில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர், ஞானத்தகப்பன், பல ஏடுகளில் சாதியும். கரையான் அரிப்பதற்கு முன்னால் அவற்றைப் படியெடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றின அதே நிமிஷத்தில் சாதியை மையில் எழுதிக்கொண்ட ஒரு மதம், தனக்குள் சாதி இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஏடு திருச்சபைக்கு எதிரான சாட்சியம். மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிற சர்க்காருக்கும் எதிரான சாட்சியம். பஞ்சத்தில் நடந்து வந்தவர்கள் போட்ட மனு அங்கேதான் இருக்கிறது. இன்னும் யாரும் அதற்குப் பதில் எழுதவில்லை.